முகத்தை ஒட்டி வருவதுதான் கணக்கு

கேள்வி: அக்கா, நான் பர்மாவில், மோல்மீனில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நல்ல கறுப்பு. அம்மாவும் தங்கையும் மாநிறத்துக்குக் கொஞ்சம் மேலே. தங்கைக்கு அழகாக இருக்கிற வெளிர் நிறச் சட்டைகளை நான் போட்டால் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது. "கறுப்புப் பிள்ளைக்கு அடர்த்தியான நிறம் ஆகாது, வெளிர் நிறமாத்தான் எடுக்கணும்" என்று அத்தை அடித்துச் சொல்கிறார். ஃபோனில் ஒரு செயலி என் படத்தைப் பார்த்துவிட்டு நான் 'இலையுதிர்காலம்' என்றது. கடுகு, பாசி, காப்பி நிறங்களைப் போடச் சொன்னது. அதுவும் சரிவரவில்லை. தை மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் வெங்காயத்தோல் நிறத்தில் பட்டு எடுத்து வைத்திருக்கிறார்களாம். எனக்கு வாடாமல்லியில்தான் ஆசை. எதைக் கட்டுவது? அதற்குள் கொஞ்சம் நிறம் கூடட்டும் என்று அத்தை ஒரு கிரீமும் வாங்கி வைத்திருக்கிறார்.

பதில்:

தங்கச்சிக்கு வணக்கம்.

கடைசியாக எழுதியிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிரீமைத் திறக்காதீர்கள். நான் தையல்காரி, டாக்டர் இல்லை. ஆனாலும் மணப்பெண் அலங்காரத்துக்காக ரங்கூனில் என் முன்னால் வந்து உட்காருகிற முகங்களில் இந்தக் கிரீம்கள் செய்த வேலையை அடிக்கடி பார்க்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒழுங்காக எழுதாமல் விற்கிற வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கலாம். தோலுக்குக் கறுப்பைக் கொடுக்கிற மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால்தான் கொஞ்ச நாளில் வெளுத்த மாதிரி இருக்கும். அதே பாதரசம் தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை 2020-க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா ஒப்பந்தத்தில் உலக நாடுகள் முடிவெடுத்தது இதனால்தான். ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருந்தால் தோல் மெலிந்துபோகும்; நிறுத்தினதும் பருவும் எரிச்சலுமாகக் கிளம்பும். தை மாதத்துக்குள் முகம் புண்ணாகிவிட்டால் எந்தப் பட்டும் அதை மறைக்காது. அத்தையோடு சண்டை வேண்டாம். "அலங்காரம் செய்கிற அக்கா இப்போது எதையும் பூசக் கூடாது என்று சொல்லிவிட்டார்" என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.

சரி, நிறத்துக்கு வருவோம்.

தங்கையின் வெளிர் சட்டைகள் சரிவரவில்லை, செயலி சொன்ன கடுகும் பாசியும் காப்பியும் சரிவரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று வெளிர், மற்றது அடர்த்தி. ஒன்று பெரும்பாலும் குளிர்ச்சியான நிறங்கள், மற்றது சூடானவை. எதிலும் ஒத்துப்போகாத இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. இரண்டிலும் நிறம் சுத்தமாக இல்லை, சாம்பல் கலந்திருக்கிறது. இப்போது கடைகளில் 'பேஸ்டல்' என்று தொங்குகிற ரோஜா, ஊதா, பிஸ்தா எல்லாம் பெரும்பாலும் தூசு படிந்த மாதிரியான நிறங்கள். கடுகு என்பது மங்கிய மஞ்சள், பாசி என்பது மங்கிய பச்சை. ஆக உங்கள் பிரச்சினை அடர்த்தியிலும் இல்லை, வெளிரிலும் இல்லை. மங்கல் நிறம் உங்களுக்கு ஒத்துவரவில்லை. நேரில் பார்க்காமல் சொல்கிறேன், ஆனாலும் கிட்டத்தட்ட நிச்சயமாகவே சொல்கிறேன்.

அத்தை சொல்வதன் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: வெளிர் துணி முகத்தையும் வெளிராகக் காட்டும் என்று. நடப்பது நேர்மாறு. பாரிஸில் கோபலின் என்ற பெயர்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயத்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை, மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் என்ன நிற நூல் வருகிறதோ அதைப் பொறுத்துக் கறுப்பு மாறித் தெரிந்தது. இதையே தோண்டிப் போய் 1839-ல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். வெளிரும் அடர்த்தியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வெளிர் இன்னும் வெளிராகவும், அடர்த்தி இன்னும் அடர்த்தியாகவும் தெரியும். ஒவ்வொரு நிறமும் பக்கத்தில் இருப்பதைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் தள்ளும். பச்சைக்குப் பக்கத்தில் இருப்பதில் சிவப்பு ஓடும், சிவப்புக்குப் பக்கத்தில் இருப்பதில் பச்சை ஓடும். முகமும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

அப்படியானால் வெள்ளைச் சட்டை போட்டால் நீங்கள் இன்னும் கறுப்பாகத் தெரிவீர்கள். ஆமாம், தெரிவீர்கள். அதில் என்ன குறை? கறுப்பாகத் தெரிவது வேறு, மங்கித் தெரிவது வேறு. இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன நாம் எல்லோரும் வெள்ளைச் சட்டை, இடுப்பில் சுற்றிக் கட்டுகிற பச்சைத் தமெயினில்தான் வளர்ந்தோம். உங்கள் பழைய பள்ளிப் படங்களை எடுத்துப் பாருங்கள். அந்த வெள்ளையில் உங்கள் முகம் தெளிவாக, கண் பளிச்சென்று இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். மோன் இனத்தாரின் தேசிய நாளில் உங்கள் ஊரில் சிவப்புத் தமெயினும் வெள்ளைச் சட்டையுமாகக் கூட்டம் கூட்டமாகப் போவார்களே, அதில் கறுத்த பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? யாராவது மங்கித் தெரிந்தார்களா? காலையில் பிச்சைக்கு வருகிற பௌத்தத் துறவிப் பெண்களைப் பாருங்கள். இளஞ்சிவப்பு உடைதான், வெளிர்தான். வெயிலில் நடந்து கறுத்த முகத்துக்கும் அது நன்றாகவே இருக்கும். அந்த ரோஜாவில் சாம்பல் கிடையாது. வெளிரே ஆகாது என்று நானும் சொல்லவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

செயலியைப் பற்றி இரண்டு வார்த்தை. மனிதர்களை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நாலாகப் பிரிக்கிற முறை மேல்நாட்டிலிருந்து வந்தது. பொன்னிறம், செம்பட்டை, பழுப்பு, கறுப்பு என்று முடியும், நீலம், பச்சை, பழுப்பு என்று கண்ணும் ஆளுக்கு ஆள் மாறுகிற ஜனங்களை வைத்து உண்டானது. நமக்கோ எல்லோருக்கும் முடி கறுப்பு, கண்ணும் கறுப்பு. அந்தக் கணக்கில் நாம் எல்லோரும் ஒன்றிரண்டு பெட்டிக்குள் போய் விழுந்துவிடுவோம். அதோடு அது பார்த்தது உங்களை இல்லை, உங்கள் ஃபோன் எடுத்த படத்தை. ராத்திரி மஞ்சள் விளக்கில் எடுத்த படம் என்றால் நீங்களும் மஞ்சள்தான், சுவரும் மஞ்சள்தான். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வதும் அப்படித்தான். கறுத்த கையில் நரம்பின் நிறமே சரியாகத் தெரியாது, அதை வைத்து என்ன முடிவெடுப்பது?

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். நான் கடையில் செய்வதும் இதுதான். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வாசலில் வெளிச்சமாக, ஆனால் நேர் வெயில் படாத இடத்தில் ஒரு கண்ணாடியை வையுங்கள். சுவர் பச்சையோ நீலமோ அடித்ததாக இருந்தால் அதை விட்டுத் தள்ளி நில்லுங்கள். சுவரின் நிறம் முகத்தில் அடிக்கும். முகத்தில் பவுடரும் வேண்டாம், மரப்பட்டையை அரைத்துப் பூசுகிற தனாக்காவும் வேண்டாம். முடியைப் பின்னால் இழுத்துக் கட்டுங்கள். வீட்டில் இருக்கிற துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: நீலம் போட்டு வெளுத்த பளீர் வெள்ளை, சலவை பண்ணாத காடா மாதிரி மஞ்சள் ஓடிய வெள்ளை, ஒரு வாடாமல்லி, ஒரு செங்கல் நிறம், ஒரு சாம்பல் துண்டு. ஒவ்வொன்றையும் தாடைக்குக் கீழே கழுத்தை மூடிப் போடுங்கள். துணியைப் பார்க்காதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். துணி அழகாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுவார்கள். கண்ணுக்குக் கீழே, வாயைச் சுற்றி, தாடையோரம், இந்த மூன்று இடத்தை மட்டும் பாருங்கள். பொருந்தாத நிறத்தில் அந்த இடங்கள் கருமையாகவோ சாம்பலாகவோ திட்டுத் திட்டாகத் தெரியும். பொருந்துகிற நிறத்தில் முகம் முழுக்க ஒரே சீராக இருக்கும், கண்ணின் வெள்ளை பளிச்சென்று இருக்கும். தங்கையைப் பக்கத்தில் நிறுத்தி, "முதலில் உன் கண் எங்கே போகிறது, துணிக்கா, முகத்துக்கா?" என்று கேளுங்கள். அம்மாவைக் கேட்க வேண்டாம். அம்மாக்களுக்கு எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

பளீர் வெள்ளை நன்றாக இருந்து காடா வெள்ளை சோர்வாகக் காட்டினால் உங்கள் தோல் நீலம் ஓடிய கறுப்பு. மஞ்சள் ஓடிய வெள்ளைதான் இதமாக இருக்கிறது, வாடாமல்லியைவிடச் செங்கல் நிறம் முகத்தைத் தெளிவாக்குகிறது என்றால் செம்பு ஓடிய கறுப்பு. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் நடுவில் இருக்கிறீர்கள், கவலையை விடுங்கள்; நடுவில் இருப்பவர்கள் நிறையப் பேர். தோலின் நிறம் மெலனினால் மட்டும் வருவதில்லை. உள்ளே ஓடுகிற ரத்தத்தின் சிவப்பும், சாப்பாட்டிலிருந்து வருகிற கரோட்டின் மஞ்சளும் சேர்ந்துதான் வருகிறது. அதனால்தான் ஒரே அளவு கறுப்பாக இருக்கிற இரண்டு பேருக்கு ஒரே துணி பொருந்துவதில்லை. வெயிலில் கறுத்தால் அடர்த்தி கூடும். அடியில் ஓடுகிற சாய்வு அவ்வளவாக மாறாது.

கடையில் துணி எடுக்கும்போது வெளிச்சத்தில் ஏமாந்துவிடாதீர்கள். கரண்ட் போய்விட்டால் சார்ஜ் செய்த வெள்ளை விளக்கில்தான் வியாபாரம் நடக்கிறது. மலிவான எல்.இ.டி. விளக்கின் வெளிச்சத்தில் சிவப்பு குறைவு. அந்த வெளிச்சத்தில் அரக்கு கறுப்பாகத் தெரியும், மிளகாய்ப்பழச் சிவப்பு செத்துப்போய்த் தெரியும், நம் முகமும் ரத்தமில்லாத மாதிரி இருக்கும். நீலமும் பச்சையும் தூக்கித் தெரியும். ரங்கூன் தெய்ஞ்சி சந்தையானாலும் உங்கள் ஊர்ச் சந்தையானாலும் துணிச்சுருளை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

இனி நான் எப்போதும் சொல்கிற விஷயம். முகத்தை ஒட்டி என்ன வருகிறதோ அதுதான் கணக்கு. இடுப்புக்குக் கீழே எந்த நிறம் வந்தாலும் முகத்துக்கு அதிகம் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இந்த விஷயத்தில் பர்மாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு என்று இரண்டாகத்தான் உடுத்துகிறோம். காப்பி நிறத்தில் ஆசைப்பட்டு ஒரு தமெயின் வாங்கிவிட்டீர்களா, தாராளமாகக் கட்டுங்கள்; மேலே வெள்ளையோ மாம்பழ மஞ்சளோ போடுங்கள். மேலும் கீழும் ஒரே துணியில் செட்டாகத் தைக்கிற பழக்கம்தான் இந்த வசதியைக் கெடுக்கிறது. அதுவும் பக்கவாட்டில் பொத்தான் வைக்கிற யின்போன் சட்டை கழுத்தைப் பிடித்தமாதிரி மேலே வரை வரும். மங்கலான நிறத்தில் அதைத் தைத்துவிட்டால் தப்பவே வழியில்லை. அப்படி ஒரு செட் ஏற்கெனவே இருந்தால் கழுத்தைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள், அல்லது கழுத்தோரம் சுத்தமான ஒரு நிறத்தில் விரற்கடை அகலத்துக்குப் பட்டி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டி போதும்.

பட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பளபளப்பான துணி வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அடிக்கும். வெயிலில் கிளிப்பச்சைப் பட்டு ரவிக்கையோடு நிற்கிற ஒருவரின் தாடைக்கு அடியில் பாருங்கள், பச்சை ஓடும். பருத்தியில் இவ்வளவு தெரியாது. அதனால் பருத்தியில் பொருந்திய நிறம் பட்டிலும் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. மாம்பழ மஞ்சளும் ரோஜாவும் தாடையில் அடித்தால் முகத்துக்கு நல்லது. எலுமிச்சை மஞ்சளும் கிளிப்பச்சையும் அடித்தால் நல்லதில்லை.

தனாக்கா பூசி வேலைக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியானால் அலுவலகச் சட்டைக்குத் துணி எடுக்கும்போது தனாக்காவோடு ஒரு தடவை பாருங்கள். கறுத்த கன்னத்தில் அந்த வெளிர் மஞ்சள் வட்டம் பளிச்சென்று எழும். வெளுத்த பர்மியப் பெண்களின் கன்னத்தில் அது இருப்பதே பாதி தெரியாது. முகத்திலேயே ஒரு வெளிர் மஞ்சள் வந்துவிட்டதால் சட்டை அதற்கு ஒத்துப்போக வேண்டும். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, நல்ல நீலம் எல்லாம் ஒத்துப்போகும். நீலம் ஓடிய வெளிர் ஊதா தனாக்காவோடு மல்லுக்கட்டும்.

உங்கள் தோலுக்கு என்று சில நிறங்களைப் பேர் சொல்லியே சொல்லிவிடுகிறேன். வாசகிகளில் உங்கள் நிறத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

சிவப்பில் மிளகாய்ப்பழச் சிவப்பும் குங்குமச் சிவப்பும் தயங்காமல் எடுக்கலாம். அத்தைகள் அடர்த்தி வேண்டாம் என்பார்கள், ஆனால் கல்யாணம் என்றால் மட்டும் அரக்கை எடுத்து நீட்டுவார்கள். கறுத்த பெண்ணுக்கு நான் கொஞ்சம் யோசித்துத்தான் எடுப்பது அந்த அரக்கையும் மெரூனையும்தான். அந்த அடர்த்தி தோலின் அடர்த்திக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சாயங்கால வெளிச்சத்தில் துணி எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அகலமான ஜரிகைக் கரை வேண்டும், அந்தக் கரை தோளில் கழுத்தோரமாக வரும்படி மடிக்க வேண்டும்.

மஞ்சளில் மாம்பழ நிறம். சித்திரையில் முதல் மழைக்குப் பூக்கிற படவுக் பூவின் மஞ்சள் இருக்கிறதே, அதுவும்தான். இந்த மஞ்சள் வெளுத்தவர்களைவிடக் கறுத்தவர்களுக்குத்தான் அழகு; எந்தச் சபையிலும் சொல்வேன். கடுகும் வெந்தய நிறமும் தமெயினோடு நிற்கட்டும். பச்சையில் ராமர் பச்சை, மயில்கழுத்து. மயில்கழுத்து பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம் என்று நெய்வது. மடிப்புக்கு மடிப்பு நீலமும் பச்சையுமாக மாறும். ஒரே நிறமாக அப்பிக்கொண்டு நிற்காததால் யாருக்கும் பாதகம் செய்யாது. நீலம் முழுக்கவே உங்களுக்கு நல்லது: ஆனந்தா நீலம், மயில் நீலம், எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிப் பேர்பெற்றதால் எம்.எஸ். நீலம் என்றே கடைக்காரர்கள் சொல்கிற அந்த நீலம். கருநீலத்தை மட்டும் தனியாகக் கட்டாமல் வெள்ளையோடோ வெள்ளி ஜரிகையோடோ சேர்த்துக் கட்டுங்கள்.

கறுப்பு? கட்டலாம். இதுவும் அத்தைக்குப் பிடிக்காது. பளபளப்பு இல்லாத கறுப்புப் பருத்தியைக் கழுத்து மூடிப் போட்டால் எடுபடாது. பட்டாகவோ சாட்டினாகவோ கழுத்தை இறக்கித் தைத்து, ஒரு தங்கச் சங்கிலியோடு போட்டால் கறுத்த பெண்ணுக்குக் கறுப்பு கம்பீரம். நிச்சயதார்த்தத்துக்கு வேண்டாம், பெரியவர்கள் மனம் சங்கடப்படும். வேறு விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு ஏன் அந்த மங்கல் பேஸ்டல் பொருந்துகிறது என்றால், அவருடைய மாநிறத்துக்கும் கறுத்த முடிக்கும் இடையில் ஏற்கெனவே பெரிய வித்தியாசம் இருக்கிறது. துணி அடங்கி இருந்தாலும் முகம் எடுத்துக் காட்டும். உங்களுக்கு முடியும் தோலும் அடர்த்தியில் கிட்டக் கிட்ட வருகின்றன. எடுத்துக் காட்டுகிற வேலையைத் துணி செய்ய வேண்டியிருக்கிறது. இருவரும் ஒரே அலமாரியைப் பங்குபோடுவதில் உள்ள சிக்கல் இவ்வளவுதான்.

இப்போது நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஆசையாக எடுத்த முதல் புடவையை நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லித் திருப்பக் கூடாது. சொல்லவும் வேண்டாம், தேவையும் இல்லை. நம் வழக்கமே உங்களுக்கு வழி வைத்திருக்கிறது. சபைக்கு முதலில் வரும்போது உங்கள் வீட்டுப் புடவையில்தானே வருவீர்கள்? தட்டு மாற்றிய பிறகுதான் அவர்கள் கொடுக்கிற புடவையை உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வருவது. ஆகவே வாடாமல்லிப் பட்டில் வந்து உட்காருங்கள், வெங்காயத்தோலில் மாற்றிக்கொண்டு வாருங்கள். ஆசையும் நிறைவேறும், மரியாதையும் நிற்கும்.

மிச்சம் இருப்பது, மங்கலான அந்த வெங்காயத்தோல் நிறத்தை உங்கள் முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைப்பது. அதற்கு ரவிக்கைதான் வழி. அந்தப் புடவையோடு வருகிற ரவிக்கைத் துண்டைத் தைக்காதீர்கள், பத்திரமாக எடுத்து வையுங்கள். வாடாமல்லியில் ஒரே ஒரு ரவிக்கை தைத்தால் போதும். இரண்டு புடவைக்கும் அதுவே ஆகும். இடையில் ரவிக்கை மாற்றுகிற நேரமும் மிச்சம். கழுத்தை ஆழமாக இறக்காமல் போட் நெக் வைத்து, தோளெலும்பு வரை துணி வரும்படி தைக்கச் சொல்லுங்கள். சாதாரணமாகக் கழுத்தை இறக்கச் சொல்கிற நான் இங்கே ஏற்றச் சொல்வதற்குக் காரணம், முகத்துக்குப் பக்கத்தில் அந்த வாடாமல்லி வர வேண்டும் என்பதுதான். முந்தானையை ஒற்றையாக விரித்துவிடாமல் மடிப்பு வைத்துத் தோளோரத்தில் ஊசி குத்துங்கள். வெங்காயத்தோல் நிறம் இடது தோளில் ஒரு கை அகலத்துக்கு மேல் தெரியாது. கரை ஜரிகை உள்பக்கம், கழுத்துப் பக்கமாக வரட்டும். தலையில் மல்லிகைச் சரத்தை ஒரு பக்கம் தோளில் விழும்படி வைத்தால் சுத்தமான வெள்ளையும் முகத்தை ஒட்டி வந்துவிடும். நகை தங்கம்தானே, அது எப்படியும் கை கொடுக்கும்.

முகப்பவுடர் உங்கள் கழுத்தின் நிறத்திலேயே இருக்க வேண்டும் என்று அலங்காரம் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டு படி வெளுப்பாகப் பூசிவிட்டால் நான் இதுவரை சொன்ன எந்த நிறமும் வேலை செய்யாது. வாடாமல்லிக்கு மேலே சாம்பல் முகம்தான் உட்கார்ந்திருக்கும்.

படம் எடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. ஆண்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டையில் நிற்பார்கள். அவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும், உங்கள் முகம் இருண்டுபோகும். படத்தில் கறுத்துவிட்டேன் என்று நம் பெண்கள் அழுகிற அழுகையில் பாதிக்குக் காரணம் இதுதான். ஃபோனில் எடுத்தால் திரையில் உங்கள் முகத்தின் மேல் விரலை வைத்துத் தொட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். கேமராக்காரர் என்றால் மணப்பெண் முகத்துக்கு வெளிச்சம் அளந்து எடுக்கச் சொன்னாலே புரிந்துகொள்வார். நீங்களும் நேர் வெயிலிலோ, சுவரை ஒட்டிய குழல் விளக்குக்கு நேர் கீழேயோ நிற்காமல் வாசலைப் பார்த்து உட்காருங்கள்.

ரவிக்கைத் துணியை இந்த மாதமே எடுத்துவிடுங்கள். வாடாமல்லியில் நாலைந்து சாயல் கிடைக்கும். புடவையைக் கையோடு கொண்டுபோய், இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் தாடைக்குக் கீழே சேர்த்துப் பிடித்துப் பார்த்துத்தான் வெட்டச் சொல்ல வேண்டும். கால் கெஜம் கூடுதலாகவே வாங்குங்கள். கல்யாணத்துக்குள் உடம்பு கூடினாலும் குறைந்தாலும் பிரித்துத் தைக்கத் துணி இருக்கும்.